நவமியில் கரண்ட்

"திங்கக்கெழம ஆரம்பிச்சிரலாம். வாரத்துக்கு அஞ்சு நாள், மொத்தம் இருபத்தெட்டு தடவை கரண்ட் வெக்கணும்" என்றாள், கதிர்வீச்சுப் பிரிவில் தேதி குறித்துத் தரும் கலைமதி. தொண்டையில் புற்றுநோய். ஆரம்ப நிலைதான், விடாமல் வந்தால் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாட்டு வியாபாரி சென்றாயன் சட்டைப் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"திங்கக்கெழம அஷ்டமி, செவ்வாக்கெழம நவமி. ரெண்டும் ஆகாதுங்க."

"நோய் நாள் பார்த்தா வந்துச்சு?"

அவரைக் கேட்காமல் ஊரில் ஒரு கல்யாணத்துக்கும் தேதி வைப்பதில்லை. இந்த நோய்தான் மரியாதை தெரியாமல் வந்துவிட்டது.

"அப்புறம், எல்லாச் செவ்வாயும் காரிமங்கலம் சந்தைங்க. ஒரு வாரமும் வுட்டதில்ல. அன்னிக்கி வெக்கறதப் புதங்கெழம சேத்து வெச்சிருங்க."

"இது யூரியா இல்லீங்க, விட்டதைச் சேத்துப் போட. நாள் தவறினா நோய்க்குத்தான் லாபம்."

கலைமதி படிவத்தைப் புரட்டினாள். "குரல் கம்மி எத்தனை மாசமாச்சு?"

சென்றாயன் விழித்தார். "அது எனக்கெப்படிங்க தெரியும்? வூட்ல பேசறது நான்தானுங்களே!"

வந்ததிலிருந்து முதன்முறையாகப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு மாசம்" என்றாள் அவர் மனைவி சென்னம்மாள், கரகரத்த குரலில். "திங்கக்கெழமயே எழுதிக்க கண்ணு. நான் பஸ்ஸுல வந்துக்கறேன். நவமியில இவரு மாடு விக்கலாம்னா, எனக்குக் கரண்டும் வெக்கலாம்."