நான் தொடாத இடம்

மார்பில் கட்டி எடுத்த பிறகு, தினமும் காலையில் ஆஸ்பத்திரி ஆப்பில் என் வலியைப் பதிய வேண்டும். திரையில் ஓர் உடம்புப் படம் வரும். வலிக்கிற இடத்தைத் தொட வேண்டும். இப்போதெல்லாம் எனக்கு வலியே இல்லை. அதனால் 'வலி இல்லை' என்பதைத்தான் அழுத்துகிறேன்.

இன்று காலை தாதி ஃபாயிஸா கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு வாரமா வலது விலாவுக்குக் கீழ வலின்னு போடுறீங்க. இன்னைக்கு ரொம்ப அதிகம். உடனே வாங்க லா."

"அலமாக்! நான் ஒன்னும் போடலயே."

"உங்க ஆப்புலயே பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் சிவப்புப் புள்ளி. இந்த போனை வேறு யாரும் தொடுவதில்லை.

செனாயில் இருக்கும் ஃபேக்டரிக்கு வேலைக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர், வாசலில் சப்பாத்து மாட்டக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, எங்கயாச்சும் வலிக்குதா?"

"எனக்கென்ன கஸ்தூரி, மாடு மாதிரி இருக்கேன். நானும் படுத்துட்டா ஒன்ன யாரு பாக்கிறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கை வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது.

ஃபாயிஸா இன்னும் போனில்தான் இருந்தார்.

"அக்கா, இப்பதானே அதே இடத்துல இன்னொன்னு போட்டீங்க?"