ஏழு எண்ணும் வரை

பூங்கோதை வேலைக்கு வந்திருந்த நாட்டின் அலுவலகங்களில் மன்னிப்புக்கும் அளவு வைத்திருந்தார்கள். இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து, மனதுக்குள் ஏழு எண்ண வேண்டும். லிஃப்ட் கம்பெனியின் ஆறு பேரும் காலையிலேயே அதை ஒத்திகை பார்த்தார்கள். பிரேக் சோதனையில் தேறவில்லை என்று சோதனைப் பொறியாளர் பூங்கோதை எழுதிக்கொடுத்த அறிக்கையின் மேல், ஒப்புதலாகத் தன் பெயர் பொறித்த சிவப்பு முத்திரையைக் குத்தி லிஃப்டை அனுப்பிவைத்தவர் மேலாளர்.

“ஏழு எண்ணுற வரைக்கும் தரையப் பாத்தா முடிஞ்சுது, கோதை,” என்றார் பக்கத்து மேசை ஞானதுரை. “தப்பு யாரோடதுன்னு இங்க கேக்க மாட்டாங்க.”

“கேக்கணும்ல அண்ணே.”

லிஃப்ட் சறுக்கியதில் கை ஒடிந்த கட்டட உரிமையாளர், மாவுக்கட்டோடு வந்து நின்றார். ஐந்து முதுகுகள் ஒன்றாக மடங்கின. பூங்கோதை குனியவில்லை. பேசுவதற்கு உரிமையாளருக்கு அந்த ஒரு முகம்தான் இருந்தது.

“நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லையா?”

அவள் அறிக்கையை எடுத்தாள். முத்திரை அவர் பக்கம் தெரியும்படி திருப்பி, அந்த நாட்டு மரியாதைப்படி இரண்டு கைகளாலும் நீட்டினாள். அவர் நல்ல கையால் வாங்கி, நின்றபடியே படிக்கத் தொடங்கினார்.

ஏழு எப்போதோ முடிந்திருந்தது. மேலாளர் நிமிரவில்லை.