அந்த ரெண்டு கோடு இருக்கட்டும்

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சொல்வதில் முன்பின் ஏதாவது மாறியிருக்கலாம், சத்தியம் செய்ய முடியாது. அந்த முகத்தை மட்டும் மாற்றிச் சொல்ல வழியில்லை.

“இந்த மூஞ்சி எனக்கு வேணும்” என்று அவள் ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தாள்.

தோல் டாக்டர் போட்டோவையும் எதிரில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். போட்டோவில் மூக்குக்கண்ணாடி, கழுத்தில் அலுவலக அட்டை. அட்டையில் இருந்த பெயரும் மருத்துவச் சீட்டில் இருந்த பெயரும் ஒன்றுதான். எதிரில் இருந்த முகம்தான் வற்றிய குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது.

“எத்தனை வருஷமா வெயில்ல வேலை?”

“பத்தொம்பது வயசுலேர்ந்து உப்பளம். இப்ப அம்பத்தேழு.”

டாக்டர் எழுதிக்கொண்டாள். கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. “அப்போ இந்த ஆபீஸ் வேலை?”

“அது என்னை விட்டுட்டுப் போயிடுச்சு.”

உப்பு வெயிலைத் திருப்பி அடிக்கும், முகம் மேலிருந்தும் கீழிருந்தும் வேகும் என்று டாக்டர் விளக்கினாள். வெயில் கூச்சத்தில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே பாதிக் கோடு விழுந்திருக்கிறது. வயது போட்டது கொஞ்சம்தான்.

“முழுசாப் போகாதும்மா. தோல் உரிக்கிற மருந்து, லேசர், கடைசியில ஊசி, தினம் ரெண்டு வேளை க்ரீம். அதுவரைக்கும் வெயில்ல தலை காட்டக் கூடாது.”

“முழுசா வேணாம். இந்தப் போட்டோ அளவுக்கு வந்தாப் போதும். பதினோரு மாசம் இருக்கு.”

“யாருக்குக் கல்யாணம்?”

“ஒருத்தி மூஞ்சில கரி பூசணும்.”

டாக்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யாரோ ஒருத்திக்காகத்தான் வருகிறார்கள். “வீட்டுக்காரர் விஷயமா?”

“அவர் பாவம், போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. இவ வேற. நாலு பேர் முன்னால என்னைக் காட்டி, ‘எங்க பெரியம்மா, புத்தி சரியில்ல’ன்னு சொன்னா. வாசல் காவல்காரன்கூடச் சிரிச்சான்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து முன்பணத்தை எண்ணி வைத்தாள். அவளுடைய காதுகள் மூளியாக இருந்ததை டாக்டர் அப்போதுதான் கவனித்தாள்.

சொன்ன நாளுக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தாள். குடை, தலையைச் சுற்றித் துணி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. மருந்து பட்டுத் தோல் எரிந்தபோது ‘ஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை.

“காலேஜ் பொண்ணுங்களே பத்தாவது நாள் க்ரீமை மறந்துடுதுங்க. நீங்க ஒரு வேளைகூட விடல.”

“எனக்கு மறதி கிடையாது டாக்டரம்மா. அதான் என் வியாதியே.”

கடைசி மாதம் ஊசி. நெற்றி முடிந்து புருவங்களுக்கு நடுவே ஊசி இறங்கப் போனபோது அவள் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த ரெண்டு கோடு இருக்கட்டும்.”

“எல்லாரும் முதல்ல அதைத்தான் எடுக்கச் சொல்வாங்க.”

“போட்டோல இருக்குல்ல.”

போகும்போது ஓர் அழைப்பிதழைக் கொடுத்தாள். நில அளவை அலுவலகம், வெள்ளிக்கிழமை பகல், பணி ஓய்வு பாராட்டு விழா. பெயர் அவளுடையதுதான். “உங்களுக்கா?” என்றாள் டாக்டர், குழம்பிப்போய்.

“என் பேர்தானே போட்டிருக்கு. வந்து பாருங்க, உங்க கைவேலைதான்.”

டாக்டர் போனாள். மேடையில், மாலையோடு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கைகளை மட்டும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். “முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள்கூட லேட் கிடையாது” என்று மேலதிகாரி மைக்கில் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான், விழாவுக்கு அழைத்து வரப் போயிருந்த அலுவலகக் கார் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து அவளே இறங்கி வந்தாள். அதே மூக்குக்கண்ணாடி, புருவங்களுக்கு நடுவே அதே இரண்டு கோடுகள்.

மேலதிகாரியின் வாய் அப்படியே நின்றது. போட்டோவில் இருந்தது யார் என்று டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

மேடையில் இருந்தவள் எழுந்து மைக்கை வாங்கினாள். உப்பு அரித்து வெடித்திருந்த கை எல்லோருக்கும் தெரிந்தது.

“நாங்க ஒரே பிரசவம், இவ எனக்குக் கொஞ்சம் முன்னால பிறந்தவ. பரீட்சை எழுதிப் பாஸானது நான். ஆர்டர் வந்தப்போ காய்ச்சல்ல நினைவில்லாமக் கிடந்தேன். எழுந்து பார்த்தா என் பேரு வேலைக்குப் போயிருந்துச்சு. மூணு தடவை இங்க வந்து சொன்னேன். என் மூஞ்சியைப் பார்த்துட்டு, இவ எப்படி அவளுக்கு இரட்டைன்னு சிரிச்சீங்க. இப்பச் சிரிங்க.”



விசாரணை இரண்டு வருஷம் நடந்தது. அக்காவுக்கு ஓய்வூதியம் இல்லை என்று ஆயிற்று. மகன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள், வெளியே வருவதில்லை. தங்கை உப்பளத்துக்கே திரும்பிப் போனாள். கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, அவள் குடை பிடிக்கவில்லை. டாக்டர் இப்போதெல்லாம் யாராவது போட்டோ கொண்டுவந்தால், அது யார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறாள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, கூடத்தின் நடுவில் கால் நகராமல் நின்றவளைப் பார்த்து மேடையில் இருந்தவள் மைக்கை நீட்டினாள்.

“பெரியம்மா கேக்கறேன். சொல்லுக்கா, உன் பேரு என்ன?”