ரகுநாத் தேறிய பாடம்

"இது மோராடா, பச்சடியாடா? வந்தவங்க கேட்டா என்னத்தச் சொல்றது?" என்று பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள் செவந்தி சித்தி.

"தாரத்தோர், சித்தி. பல்கேரியாவுல வெயில் காலத்துல குடிக்கிற சூப்பு."

"சூப்புன்னா சுட வேணாமா?"

ரகுநாத் தயிரைக் கடைவதிலேயே குறியாக இருந்தான். டாக்டராகித்தான் வருவேன் என்று பல்கேரியாவுக்கு விமானம் ஏறியவன், பாதியிலேயே திரும்பி வந்து, இப்போது புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறான். அங்கே அவன் ஒழுங்காகத் தேறிய ஒரே பாடம் இந்தச் சூப்தான். அதற்கும் காரணம் அறிவு இல்லை, அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்பதுதான்.

அவன் சமையலறையில் நிற்பது வேறு வழியில்லாமல். அறந்தாங்கியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அன்றைக்குப் பெண் அடுப்படிப் பக்கமே போகக்கூடாது என்பது சித்தி போட்ட சட்டம். சித்திக்கோ முழங்கால் வலி, நின்று சமைக்க முடியாது.

போன தடவை வந்தவர்களுக்கு அவன் கேசரி கிண்டினான். அது கரண்டியோடு ஒரே கட்டியாக எழுந்து வந்தது. அவர்கள் ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்து, தகவல் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். இடம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லையென்றால் தண்ணீரோடு சரி.

இதுதான் கடைசி, இனிமேல் யார் முன்னாலும் வந்து நிற்க முடியாது என்று பெண்ணும் சொல்லியாகிவிட்டது. இதற்குச் சம்மதிக்க வைக்கவே ரகுநாத் மாதக்கணக்கில் கெஞ்சியிருக்கிறான். இந்த இடமும் தன் சமையலால் கெட்டுப்போய்விடுமோ என்று அவன் பயந்தான்.

கெட்டித் தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்து முடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயைப் போட்டு, பச்சைப் பூண்டைத் தட்டிச் சேர்த்து, வால்நட்டை உடைத்துத் தூவினான். பல்கேரியாவில் போடுகிற கீரை அவர்கள் குடியிருக்கும் திருக்கோகர்ணத்தில் கிடைக்காததால் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தான்.

தங்கமுத்துவும் அவர் மகன் சந்தோஷ்குமாரும் வெயிலில் வெந்துபோய் வந்து சேர்ந்தார்கள். பெண்ணை வரச் சொன்னார்கள். கும்பிட்டு, நாலு வார்த்தை பேசி, உள்ளே போயாகிவிட்டது. ரகுநாத் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தான்.

"பச்சைப் பூண்டா?" என்று கேட்டுச் சந்தோஷ்குமார் கிண்ணத்தை வைத்துவிட்டான். ரகுநாத்துக்கு அந்தக் கேசரி கண் முன்னால் வந்து போனது.

தங்கமுத்து ஒரு வாய் குடித்தார். யார் செய்தது என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் பெண்ணுடைய கைப்பக்குவம்தான் என்று சித்தி கூசாமல் சொன்னாள்.

ரகுநாத்துக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க, நான் செஞ்சது. இந்தப் பழி அவங்களுக்கு வேணாம். அவங்க வைக்கிற கொழம்ப ஒருநா சாப்பிட்டீங்கன்னா, இந்தச் சூப்புக்காக என்னைய மன்னிச்சிருவீங்க."

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

தங்கமுத்து அவனையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கிண்ணத்தைக் காலி செய்து அவன் பக்கம் நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க தம்பி."

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரீட்சையில் தேறினால் எப்படி இருக்கும் என்று ரகுநாத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் கேட்டது கொஞ்சம்தான், அவன் கிண்ணம் வழிய ஊற்றினான்.

கிளம்பும்போது சந்தோஷ்குமார் வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்கப்பாவுக்கு ஒங்கம்மாவ ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. அவங்களுக்கும் சம்மதமான்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."