வாசலில் ஒரு வெள்ளைக் கார்

"கார் மேல கை வெக்காதே, விரல் பதியும்!"

பரமசிவம் போட்ட அதட்டலில் மனைவி தையல்நாயகி கையை இழுத்துக்கொண்டாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த வேப்பிலையை எடுக்கப் போனது ஒரு குற்றமா?

பிள்ளையார்பாளையத்தின் அந்தச் சின்னத் தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது வெள்ளைக் கார். காலையில்தான் மெக்கானிக் சிநேகிதன் யேசுதாஸ் தன் ஷெட்டிலேயே கழுவித் துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருந்தான்.

போன ஆவணியில் மகள் புவனேஸ்வரியைப் பெண் பார்க்க வந்தவர்கள், வாசலில் நின்ற பழைய மொபெட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேசரி தட்டிலேயே ஆறிப்போனது. "நாலு தறி வெச்சிருக்காருன்னாங்களே..." என்று செருப்பு மாட்டும்போது ஓர் அம்மாள் இழுத்த இழுப்பு இன்னும் பரமசிவத்தின் காதில் கிடந்தது.

இன்றைக்கு மொபெட் கொல்லைப்புறத்தில், கோணிக்கு அடியில்.

பத்து மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஏனாத்தூர் சபாபதி இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி அலமு, மாப்பிள்ளைப் பையன் ஜெயக்குமார்.

பரமசிவத்தின் உற்சாகம் சட்டென்று வடிந்தது. வசதியான இடம் என்று புரோக்கர் சத்தியம் செய்தாரே? வசதியானவர்கள் ஆட்டோவிலா வருவார்கள்?

சபாபதி ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், வெள்ளைக் காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முன்னால் போய்ப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். "அப்பா, இது..." என்று வாயெடுத்த பையனின் கையைப் பிடித்து அழுத்தினார். அலமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிரண்டுவிட்டார்கள். பரமசிவத்துக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது.

"உங்க வண்டிங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் சபாபதி.

"நம்மளோடதுதாங்க. தீபாவளிக்கு எடுத்தோம். லோன், கீன் எல்லாம் நமக்கு ஆவாது. ஒரே பேமென்ட்."

"அப்படிங்களா? மைலேஜ் எவ்ளோ குடுக்குது?"

"அத யாருங்க பாக்கறாங்க!" என்று சிரித்த பரமசிவம், "பின்னாடி இருக்கிற எடத்தப் பாருங்க, ஒரு கல்யாணச் சீரையே அடுக்கலாம்" என்று டிக்கியைத் திறக்கப் போனார். அது திறக்கவில்லை. சாவியில் ஒரு பொத்தானை அழுத்தினார், 'பீங்' என்றது. இன்னொன்றை அழுத்தினார், ஊரைக் கூட்டுவதுபோல அலறியது.

ஜெயக்குமார் சாவியை வாங்கி அலறலை நிறுத்தினான். நம்பர் பிளேட்டுக்கு மேலே விரலை நுழைத்து லேசாக அழுத்தினான். டிக்கி மேலே எழும்பியது.

"புது வண்டி பாருங்க, கொஞ்சம் டைட்டு" என்றார் பரமசிவம். இந்தக் காலத்துப் பையன்கள் வாங்க முடியாத வண்டியைக்கூட போனில் பார்த்தே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே புவனேஸ்வரி காபி கொண்டுவந்து வைத்தாள். சபாபதி அவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"வாசல்ல நிக்குதே கார், அதுல எங்கெங்கம்மா போயிருக்கீங்க?"

பரமசிவம் மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். மகாபலிபுரம், திருப்பதி என்று இரண்டு நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். புவனேஸ்வரி ஒரு கணம் தரையைப் பார்த்தாள்.

"நான் அதுல ஏறினதே இல்லீங்க" என்றாள்.

பரமசிவம் பல்லைக் கடித்தார். சபாபதி கடகடவென்று சிரித்தார். காபியைச் சொட்டு விடாமல் குடித்தார். இன்னொரு கரண்டி கேசரியும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுப்படியில் பரமசிவம் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். "ஆட்டோவுல வந்து எறங்கற வீட்டுக்கா பொண்ணக் குடுக்கறது? அந்த ஆளு காரையே சுத்திச் சுத்திப் பாத்துக்கினு இருக்காருடி."

"மொபெட்டப் பாத்துட்டு அவங்க எழுந்து போனாங்களே, அன்னிக்கு உங்களுக்கு எப்டி இருந்துது?" என்றாள் தையல்நாயகி.

பரமசிவம் கூடத்துக்கு வந்தார்.

"பொண்ண எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது" என்றாள் அலமு. "எங்க பையன் மூஞ்சியப் பாருங்க, அவனுக்கும்தான்."

"சந்தோஷங்க" என்று இழுத்தார் பரமசிவம். "எங்க பக்கத்துலயும் நாலு பேருகிட்ட கலந்துக்கினு சொல்லி அனுப்பறோம்." சொல்லும்போது முதுகு தானாகவே நிமிர்ந்தது. ஆவணியில் வாங்கியதைத் தையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஆட்டோ போய்விட்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பரமசிவத்துக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது; பெருந்தன்மை பொங்கியது.

"இந்த வெயில்ல எங்க போயி ஆட்டோ தேடுவீங்க? ஏறுங்க, நம்ம வண்டியிலயே கொண்டுபோயி விடறேன்" என்று சாவியைச் சுழற்றினார்.

சபாபதி அவர் தோளில் கை போட்டார். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"நீங்க நிதானமா கலந்துக்கினு சொல்லுங்க சம்பந்தி. சாவிய மட்டும் இப்டி குடுங்க, ஷெட்டுல விட்ட என் வண்டிய நானே ஓட்டிக்கினு போயிடறேன்."