இலங்கை மட்டும் பாக்கி

“இந்தியாவை நேத்தே எடுத்துட்டேன்டி. இன்னிக்கு ஜப்பான், பிரான்ஸ், இலங்கை. ஸ்ரீரங்கம் வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்.”

கோதா செல்போனில் இப்படிச் சொன்னதும், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த பூக்காரி ராக்கம்மாள் கூடையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

“அந்த நாலுதிசை மறுபடியும் போட்டுட்டா?” என்றாள் மறுமுனையில் சிநேகிதி தேவதர்ஷினி.

“போடட்டும். ஜப்பான்னா என்னன்னு தெரியாத ஒருத்தன் முருங்கைக்காயைப் பத்திப் படிக்க வருவானாடி?”

இணையக் கலைக்களஞ்சியத்தில் முருங்கைக்காய் பற்றிய கட்டுரை கோதா எழுதியது. ஆறு மாத உழைப்பு. நாளைக் காலை முதல் பக்கத்தில் வரப்போகிறது. எல்லோருக்கும் தெரிந்த நாட்டின் பெயருக்கு இணைப்பு எதற்கு என்பது அவள் கட்சி. அந்த நீல எழுத்தைத் தட்டினால் படிக்கிறவர் முருங்கையை விட்டுவிட்டு டோக்கியோவுக்குப் போய்விடுவார்.

எந்த நாடானாலும் இணைப்பு வேண்டும் என்பது ‘நாலுதிசை’ என்ற பெயரில் எழுதும் யாரோ ஒருவரின் கட்சி. இரண்டு வாரமாக இவள் எடுப்பதும் அவர் போடுவதுமாக இருந்தது.

வீட்டில் சாம்பாருக்கு முருங்கையா கத்தரியா என்பதை மாமியார் தீர்மானிப்பார். ஆபீஸில் ஃபேனை எத்தனையில் வைப்பது என்றுகூட அவளை யாரும் கேட்பதில்லை. உலக நாடுகள் மட்டும்தான் அவள் கைக்குள் இருந்தன. அப்படி நினைத்ததும் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு ஜப்பானின் இணைப்பை நீக்கிச் சேமித்தாள்.

எதிர் வரிசையில் ‘டிங்’ என்றது ஒரு செல்போன்.

“ஏம்மா, ஜப்பானை எடுத்துட்டா அங்க இருக்குறவங்க எங்க போவாங்க?” என்றாள் ராக்கம்மாள்.

“அங்கேயேதான் இருப்பாங்க. நீலக் கலர் மட்டும் போயிடும்.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. கோதா பிரான்ஸையும் நீக்கினாள். மறுபடி ‘டிங்’. செல்போனுக்குரியவர் அதைப் பார்த்தார்; பிறகு அவளைப் பார்த்தார். கண்ணாடி, தோளில் டிபன் பை, ஐம்பது வயதிருக்கும். பார்த்த கண்ணை எடுக்கவே இல்லை.

“அந்த ஆளு உன்னையேதான் பார்க்குறான்” என்று ராக்கம்மாள் காதோரம் சொன்னாள்.

கோதா பையை மடியோடு அணைத்துக்கொண்டாள். நாற்பத்திரண்டு வயதில் இது என்ன கண்றாவி! ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு துளி பெருமையும் இருந்தது. அதை உடனே அதட்டி உட்கார வைத்தாள். இலங்கை மட்டும் பாக்கி. அதைத் தொடாமலே போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

திருவானைக்காவலில் அவர் இறங்கிவிடுவார் என்று வேண்டிக்கொண்டாள். இறங்கவில்லை. ராஜகோபுரத்தருகே அவள் இறங்கியபோது அவரும் இறங்கினார்.

வளையல் கடையைத் தாண்டி வேகமாக நடந்தாள். பின்னால் டிபன் பை கடகடவென்று வந்தது. நின்றால் அதுவும் நின்றது. கத்தலாமா? கத்தினால் நாளைக்கு மாமியார் காது வரைக்கும் போகுமே என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு ஓடியது.

அதற்குள், பின்னாலேயே இறங்கியிருந்த ராக்கம்மாள் கூடையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள். “ஏய்யா, பொம்பளை பின்னாடி வர்றியே, வெக்கமா இல்லே? என்னய்யா வேணும் உனக்கு?”

நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் தன் செல்போனைக் கோதா பக்கம் திருப்பினார். திரையில் முருங்கைக்காய் கட்டுரை; மேலே ‘பிரான்ஸ் இணைப்பு நீக்கப்பட்டது’ என்ற அறிவிப்பு.

பிறகு அந்தப் போனை நடுவில் வைத்தே இரண்டு கையையும் கூப்பினார்.

“நான்தாங்க நாலுதிசை. இலங்கையையாவது விட்டுடுங்க மேடம்!”