கவிழ்த்து ஒட்டிய கேமரா

"என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அவள்.

"எட்டாவது. அதுக்கப்புறம் ஃபிரிட்ஜ்தான்."

கல்யாணம் பேசி முடித்த வாரத்தில், ஒரு பஸ் ஸ்டாப்பில் நடந்த பேச்சு. அவள் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது. கேட்காமலே ஏறிப் போனாள்.

அதற்குப் பன்னிரண்டு வருடமாக அவன் ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தான். இயற்பியல் டீச்சருக்கு எட்டாவது படித்த ஃபிரிட்ஜ் மெக்கானிக்கா என்று மனம் சுருங்கியிருப்பாள்.

ஒரு நாளும் அவள் குத்திக் காட்டியதில்லை. அதனாலேயே கேட்பதற்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும், பத்தாவது எழுத வேண்டும், அவள் சொல்லித் தர வேண்டும். அவ்வளவுதான். தொண்டை வரைக்கும் வரும், திரும்பிப் போய்விடும்.

இன்று காலை பள்ளி மைதானத்திலிருந்து, பூமியை உயரத்திலிருந்து படமெடுக்கும் கேமராப் பெட்டியோடு அவள் பிள்ளைகளின் பலூன் மேலே போனபோது மனதுக்குள் சொல்லிக்கொண்டான். பெட்டி திரும்பக் கிடைத்தால் கேட்டுவிடுவது.

பெட்டி கிடைத்துவிட்டது.

சோளக்காட்டு ஓரத்தில் அவனுடைய சர்வீஸ் வேன் நின்றது. பானெட்டின் மேல் லேப்டாப். அதைச் சுற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர், நடுவில் அவள். வெடித்த பலூனின் ரப்பரை ஒருத்தி கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தாள்.

நான்கு மாத வேலை. எவ்வளவு எடை, எவ்வளவு ஹீலியம், எங்கே வெடிக்கும், எங்கே விழும் என்று எல்லாமே பிள்ளைகள் போட்ட கணக்கு. மேலே மைனஸ் ஐம்பது டிகிரி, கேமராவின் பேட்டரி செத்துவிடும் என்று அவர்கள் கையைப் பிசைந்தபோதுதான் அவன் உள்ளே வந்தான்.

"குளிரை உள்ள பூட்டி வைக்கிறவனுக்கு, அதை வெளியில நிறுத்தத் தெரியாதா?" என்று பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனான். பழைய ஃபிரிட்ஜ் கதவுக்குள் இருந்த மஞ்சள் நுரையை அறுத்து உள்பக்கம் முழுக்கப் பதித்தான். கேமராவையும் அவனே ஒட்டினான். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவன் ஃபிரிட்ஜ் மாமா.

அவள் முதல் படத்தைத் திறந்தாள்.

படத்தின் மேல்பாதியில் பூமி தொங்கியது. கீழ்ப்பாதி முழுவதும் கறுப்பு.

"மாமா, பூமியையே கவுத்துட்டீங்களே!" என்றாள் ரப்பர் மாலைக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குக் காது சுட்டது. எந்தப் பெட்டியானாலும் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து வேலையைத் தொடங்குவது அவன் பழக்கம். நிமிர்த்திப் பார்க்காமலே கேமராவை ஒட்டியிருக்கிறான். இன்றைக்குப் போய் எதைக் கேட்பது?

ஒரு பையன் லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பப் போனான். அவள் பையனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டும்டா. அங்க எது மேல, எது கீழன்னு யாரு முடிவு பண்றது?"

சிரிப்பு நின்றது.

அப்புறம்தான் அவர்கள் உண்மையிலேயே பார்த்தார்கள்.

பூமியின் ஓரம் வளைந்திருந்தது. புத்தகத்தில் போட்டதைப் போல இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும் ஓர் உயிரின் விலாவைப் போல. அந்த வளைவை ஒட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லியதாக ஒரு நீலம். அத்தனை காற்றும் மழையும் அதற்குள்தான். அதைத் தாண்டினால் எதுவுமே இல்லை. காலை பத்து மணிக்கு எடுத்த படம். வெயில் மேகங்களின் மேல் பளீரென்று அடிக்கிறது, வானம் மட்டும் கருகருவென்று இருக்கிறது.

பகலில் அது ஏன் கறுப்பு என்று அந்த எட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

"நம்ம ஸ்கூல் எங்க மிஸ்?" ரப்பர் மாலை போட்ட அந்த வாயாடிக்கே குரல் கீழே போயிருந்தது.

அவள் ஏரியின் வளைவைத் தேடிப் பிடித்து, அதன் பக்கத்தில் விரலை வைத்தாள். விரல் நுனிக்கு அடியில் பள்ளிக்கூடம் மறைந்தது. அவன் கடை, அவர்கள் வீடு, அந்தப் பஸ் ஸ்டாப், இதுவரை அவன் போய்வந்த தெருக்கள் அத்தனையும் மறைந்தன.



பிறகு பிள்ளைகள் சோளத்தட்டையில் சிக்கிய பாராசூட்டை எடுக்க ஓடினார்கள். வேனருகே இவர்கள் இரண்டு பேர்தான்.

அவள் பெட்டிக்குள் கையை விட்டு அந்த மஞ்சள் நுரையைத் தடவிப் பார்த்தாள்.

"வெளியில மைனஸ் அம்பத்திரண்டு. உள்ள பன்னெண்டு டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்லைங்க."

அவன் பெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது." அவள் அவனைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துப் பேசினாள். "பதினஞ்சு வருஷமா ஃபிரிட்ஜ் எப்படிக் குளிருதுன்னு போர்டுல படம் போட்டுப் பாடம் நடத்துறேன். ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பார்த்ததில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி, அந்தப் பஸ் ஸ்டாப்புலயே கேக்கணும்னு இருந்தேன். இது கூடத் தெரியாம என்ன டீச்சர்னு நினைச்சிடுவீங்களோன்னு விட்டுட்டேன். கடைக்குச் சாப்பாடு கொண்டு வர்றப்பல்லாம் வாய் வரைக்கும் வரும். எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

அவன் சிரிக்கவில்லை. திரையில் பூமி இன்னும் தலைகீழாகவே தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது கைகொடுக்கவில்லை.

"நான் பத்தாவது எழுதணும் டீச்சர்," என்றான். "என்னைச் சேத்துக்குவீங்களா?"